ஒட்டிக்கொண்ட பதினாறு பக்கங்கள்

1

இப்பொழுதெல்லாம் யாரும் எதையும் முடிப்பதில்லை. போனில் பேசினால் 'வைக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள். டீக்கடையில் பாதி டீயை விட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைக்கிறார்கள். பூசைக்கு வந்தால் நற்கருணை வாங்கின கையோடு பாதிக் கோவில் வாசலுக்குப் போய்விடுகிறது. சாமியார் கொடுக்கும் கடைசி ஆசீர்வாதம் காலி பெஞ்சுகளுக்குத்தான் கிடைக்கிறது. கதை எழுதுகிறவர்களும் இதே ரகம். முன்பெல்லாம் கடைசியில் 'முற்றும்' என்று போடுவார்கள். படித்தவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இப்போது அதைப் போடுவது கேவலம் என்று நினைக்கிறார்கள் போல.

அந்த ஒரு சொல் இல்லாததால் வந்த வினைதான் இந்தக் கதை. அதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

எழுதுகிறவன் ஐந்தாவது வரை படித்தவன். எங்கள் தீவில், ஜங்லிகாட்டில், படகுகள் கட்டும் ஜெட்டிக்குப் பக்கத்தில் இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். எழுதச் சொன்னது ஜோஸ்லின் டீச்சர். எங்கள் பங்குக் கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் வாசிப்புக் கூட்டத்தை அவள்தான் நடத்துகிறாள். "குத்தம் சொல்றது லேசு மாமா. நீங்களும் நாலு பக்கம் எழுதிப் பாருங்க. அப்பத் தெரியும்" என்றாள். நாலு பக்கம்தானே, எழுதுகிறேன் என்று வாயைக் கொடுத்தாயிற்று.

முதலில் 'நான்' போட்டுத்தான் எழுதினேன். படித்துப் பார்த்தால் பாவசங்கீர்த்தனம் மாதிரி இருந்தது. அதைக் கேட்கக் கோவிலில் கூண்டும் சாமியாரும் இருக்கும்போது உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஆகவே என்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கஸ்பார் என்று ஒரு கிழவரைப் போட்டிருக்கிறேன். கஸ்பார் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி அவர்பாடு.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. வீணானவை கீழே:

'கடல் அன்று அமைதியாக—' அடித்துவிட்டேன். ஜெட்டியில் யாரும் கடலை அப்படிப் பார்ப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

'கஸ்பார் நேர்மையான மனிதர். யாரையும் லேசில் நம்ப—' முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன். இரண்டாவது உண்மை.

'கோவில் ஹாலில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது.' இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

கோவில் ஹாலில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதற்குள்ளே சின்ன பல்ப் ஒன்று ராவும் பகலும் எரியும். வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. வருஷத்தில் எட்டு மாசம் மழை பெய்யும் ஊரில் பல்ப் இல்லாத அலமாரியில் புத்தகம் வைத்தால் பூஞ்சணம்தான் படிக்கும். மேன்லேண்டிலிருந்து கப்பலில் வரும் புதுப் புத்தகம் எதுவும் நேராக அந்த அலமாரிக்குள் போகாது. பங்கில் ஒருவர் எடுத்துப் போய்ப் படிக்க வேண்டும். படித்தபின் முன்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எழுத வேண்டும். 'இந்தப் புத்தகத்தை நான் முழுவதும் படித்தேன்' என்று அதில் அச்சடித்தே இருக்கும். அதன்கீழ் தன் கருத்து, கையெழுத்து. சீட்டைக் கிழிக்கக் கூடாது. கருத்து மாறினால் அதன்கீழேயே எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தபோது சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: புதுப் புத்தகத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடி விழுங்கவும் வேண்டாம், சோதித்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். கஸ்பாருக்கு அதில் 'சோதித்து' மட்டும் காதில் தங்கியது. கப்பலிலிருந்து இறங்குகிறவனின் மூட்டையைச் சோதிப்பது மாதிரி அவர் புத்தகத்தைச் சோதித்தார்.

ஜோஸ்லின் டீச்சருக்கு வேறு முறை. கதையில் யார் வந்தாலும், "இவங்க நம்ம பங்குல இருந்தா எந்த பெஞ்ச்ல உக்காருவாங்க?" என்று கேட்பாள். கஸ்பாருக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. கதையில் வருகிறவனுக்கு எதற்கு பெஞ்சு?

3

ஜூன் மாசம் கஸ்பார் கைக்கு ஒரு மஞ்சள் அட்டை நாவல் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். வாங்கிப் படித்துவிட்டு சண்டைக்கு வருவீர்கள்.

கோவிலுக்குத் துணி தைக்கும் ஒரு பெண்ணின் கதை அது. பலிபீடத்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய மகன் ஆற்றோடு போய்விட்டான் என்று சேதி வருகிறது. ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டு எழுந்துபோகிறாள். பிறகு பக்கம் பக்கமாக ஆண்டவரோடு சண்டை. ஏன் செய்தாய், யாரைக் கேட்டுச் செய்தாய், உனக்கு ஒரு பிள்ளைதான், எனக்கும் ஒரு பிள்ளைதான் என்று.

கஸ்பார் ஒரு நாளைக்கு நாலு பக்கம் படிப்பார். பட்டறையில் இன்ஜின் ஆறும் நேரத்தில் படிப்பு; மற்ற நேரம் புத்தகம் வேலை மேசையில் குப்புறக் கிடக்கும். பக்கத்திலேயே ஷெல்லாக் பாட்டில். இரண்டு இரும்புக்கு நடுவே கேஸ்கெட் நகராமல் இருக்கப் பூசும் பழுப்புப் பசை அது. ஒரு நாள் பெங்காலிப் படகுக்காரர் ஒருவர் "காகா, இன்ஜின் ரெடி ஹோ கயா?" என்று கேட்டுக்கொண்டே கியர்பாக்ஸைத் தொப்பென்று போட, மேசை ஆடி பாட்டில் சாய்ந்தது. கஸ்பார் துணியால் துடைத்தார்.*

(* இந்தப் பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்கார எழுத்தாளனாக இருந்தால் இதை ஒளித்துவைத்திருப்பான்.)

ஜூலைக் கடைசியில் நூற்றி எழுபத்தாறாம் பக்கம் வந்தது. அந்தப் பெண் தையல் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுகிறாள். எதிரே எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கம், பின்னட்டையின் உட்புறம். நல்ல தடிமனான அட்டை. இந்தக் காலத்தில் இவ்வளவு கெட்டியாக அட்டை போடுகிறார்களே என்று அது ஒன்றை மட்டும் கஸ்பார் மெச்சினார். 'முற்றும்' இல்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

சீட்டில் எழுதினார்: 'இந்தப் பெண்ணுக்கு விசுவாசம் கிடையாது. ஆண்டவரைக் கேள்வி கேட்டுவிட்டு வேலையைப் பாதியில் போட்டுப் போகிறாள். எழுதினவருக்கும் அதே புத்தி. நம் அலமாரிக்கு வேண்டாம். கஸ்பார்.'

அச்சடித்த வரிக்குக் கீழே, கொட்டை எழுத்தில்.

4

இப்போது ரீத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வந்ததும் பேனா நிற்கிறது. மூன்று தடவை எழுதி மூன்றையும்—

சரி, சுருக்கமாக. ரீத்தா மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவள். அவள் புருஷன் கிளமெண்ட், கஸ்பாரின் சிநேகிதன். நாலு வருஷத்துக்கு முன்னால் தனியாகச் சின்ன டிங்கிப் படகில் கடலுக்குப் போனான். ஐஸ் பெட்டியின் மூடி மட்டும் கரைக்கு வந்தது. உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள்.

அதன்பிறகும் ரீத்தா ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறாள். எல்லாரோடும் சேர்ந்து பரலோக மந்திரம் சொல்கிறாள். பிதாவின் சித்தம் நடக்கட்டும் என்கிற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். அவளுக்குப் பின் பெஞ்சில் இருக்கிற கஸ்பாருக்கு அந்த ஓட்டை நாலு வருஷமாகக் கேட்கிறது. கேட்டதாக ஒரு நாளும் அவர் காட்டிக்கொண்டதில்லை.

அந்த மஞ்சள் புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவள் ரீத்தா. அவள் தம்பி மேன்லேண்ட் போய் வரும்போது வாங்கிவந்தது. அவள் படித்து முடித்துத்தான் கொடுத்திருந்தாள். எல்லாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குத் தோளைத் தட்டி, ஆண்டவர் எது செய்தாலும் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்தால் அதை நிறுத்துவார்கள் என்று நினைத்தாள்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஜோஸ்லின் டீச்சர் சீட்டைச் சத்தமாக வாசித்தாள். கடைசி வரிக்கு வரும்போது அவள் குரல் குறைந்துவிட்டது. ரீத்தா மடியில் குடையை வைத்தபடி கேட்டாள்.

"கறுப்பு நூலப் பத்தி ஒண்ணுமே எழுதலையே அண்ணே?"

"என்ன கறுப்பு நூலு?"

"கடைசில வருமே."

"கடைசில சாவியக் கெணத்துல போடுதா. அதோட அட்டை வந்துட்டு."

ரீத்தா அவரையே பார்த்தாள். "அப்ப நீங்க முழுசும் படிக்கல. முழுசும் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கிய. பொய்ச்சாட்சி. எத்தனையாவது கட்டளைண்ணே அது?"

"எட்டு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் கஸ்பார். ஒருவர் சிரித்தார். ரீத்தா சிரிக்கவில்லை.

"விசுவாசம் கெடையாதுன்னு எழுதிருக்கியளே, அது அவளுக்கா எனக்கா?"

"புத்தகத்துல உள்ளவளுக்கு."

"சிலுவையில தொங்கும்போது ஏன் கைவிட்டீருன்னு அவரே கேட்டாரு. அவருக்கும் அலமாரியில இடம் இல்லன்னு எழுதிருவியளோ?"

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே மழை. குடையை விரிக்காமலே போனாள்.

ஜோஸ்லின் டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் தடவிப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். "மாமா, இது அட்டை இல்ல" என்றாள். ஷெல்லாக் ஓரங்களில் ஊறி, அந்த வெற்றுப் பக்கம் தொடங்கிக் கடைசிப் பதினாறு பக்கங்களையும் அட்டையோடு சேர்த்து ஒரே பலகையாக்கியிருந்தது. அப்போதுதான், குத்தம் சொல்றது லேசு என்று அவள் சொன்னது.

அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை ரீத்தா கூட்டத்துக்கு வரவில்லை. ஞாயிறு பூசையில் முன்வரிசைக்கு மாறிவிட்டாள். மந்திரத்தில் அந்த ஓட்டை கஸ்பாருக்குக் கேட்கவில்லை. கேட்காதது நன்றாக இல்லை.

5

பழைய கேஸ்கெட்டைப் பிரிப்பது எப்படி என்று கஸ்பாருக்குத் தெரியும். அவசரப்பட்டால் கிழியும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஓரம் ஓரமாக ஒற்றி, ஊறவிட்டு, மெல்லிய பிளேடை உள்ளே விட்டு நெம்பாமல் தள்ள வேண்டும். பதினாறு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு இன்ஜின்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். ஓரிடத்தில் இரண்டு வரி கரைந்துபோயிற்று. அதில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பக்கங்களில் வருவது இதுதான். ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் பெட்டியின் பூட்டை உடைத்து, பாதியில் விட்ட துணியை எடுக்கிறாள். ஊசி குத்தின இடத்தில் துருக்கறை. வீட்டில் வெள்ளை நூல் இல்லை. துக்கத்துக்குத் தைத்த துணியில் மிஞ்சின கறுப்பு நூல்தான் இருக்கிறது. அதை வைத்தே மீதி ஓரத்தைத் தைத்துக் கோவிலில் கொண்டுபோய் விரிக்கிறாள். முழங்கால் போடவில்லை. நின்றபடியே, முடிச்சிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறாள். அவ்வளவுதான். இதிலும் 'முற்றும்' இல்லை.

கஸ்பாருக்கு ஒப்பவில்லை. பலிபீடத்து வெள்ளைத் துணியில் கறுப்பு நூலா? எந்தச் சாமியார் விடுவார்? கடையில் போய் வெள்ளை நூல்கண்டு ஒன்று வாங்க எவ்வளவு நேரம்?

ஆனால் இங்கே கதை எழுதுகிறவனுக்குக் கஸ்பார்மேலேயே சந்தேகம் வருகிறது. புத்தகத்தில் வரும் ஒருத்திமேல் இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கோபம்? இதைவிட மோசமான புத்தகங்களுக்கெல்லாம் 'பரவாயில்லை' என்று எழுதிக் கொடுத்தவர்தான். சுறா வேட்டைக்கதை ஒன்றில் ஆள் ஆளைத் தின்கிறான், அதற்கும் பரவாயில்லைதான்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்தேன். அடித்தது சரியில்லை என்று திரும்ப எழுதுகிறேன்.]

கிளமெண்ட் கடலுக்குப் போனதற்கு முந்தின நாள் அவன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தவர் கஸ்பார். தளர்ந்தால் நடுக்கடலில் இன்ஜினை நிறுத்திவிடும் டீசல் குழாய் ஜாயிண்டைக் கடைசியாக முடுக்கினாரா, நாளைக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாரா என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. நாலு வருஷமாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறார். சில நாள் முடுக்கினது மாதிரி இருக்கும். சில நாள் கையில் ஸ்பேனரே இருக்காது. ஒருத்தி ஆண்டவரைப் பார்த்து யார் இதைச் செய்தது என்று கேட்க ஆரம்பித்தால், அடுத்தபடியாக மெக்கானிக்கைக் கேட்பாள். அவள் வாயை அடைக்கத்தான் நான்— கஸ்பார் அந்தச் சீட்டை எழுதினார்.

'நான்' என்று விழுந்துவிட்டது. இருக்கட்டும்.

6

முடிவுக்கு வரலாம். இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்துக் கழித்தேன்.

ஒன்று: கஸ்பார் மன்னிப்புக் கேட்கிறார், ரீத்தா கண்ணீரோடு முழங்கால்போட்டு அந்த வரியைச் சொல்கிறாள், கோவில் மணி அடிக்கிறது. பங்கு மலரில் போட்டால் எல்லாரும் மெச்சுவார்கள். ரீத்தா படித்தால் கசக்கி என் மூஞ்சியில் எறிவாள்.

இரண்டு: கிளமெண்ட் ஏதோ ஒரு தீவில் உயிரோடு— வேண்டாம்.

நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கஸ்பார் பிரித்த புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனார். ரீத்தா சூரை ஒன்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள், யாரோ கிராக்கியிடம் கேட்பதுபோல.

"படிச்சிட்டேன்."

"எது வரைக்கும்?"

"அட்டை வரைக்கும். நெச அட்டை."

கத்தி நின்றது. "எப்படி இருக்கு?"

"கறுப்பு நூலு சரியில்ல."

"ஏன் சரியில்ல? தைச்சாளா இல்லையா?"

"தைச்சா. வெள்ள நூலு வாங்கித் தைச்சிருக்கணும்."

"வீட்டுல இருந்ததக் கொண்டு தைச்சாண்ணே. இல்லாதத எங்க போய் வாங்குவா?"

கஸ்பாரால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பக்கத்துக் கடைக்காரி ஐஸைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில்தான் அவருக்குச் சொல்ல முடிந்தது.

"ரீத்தா, அந்த டீசல் குழா. கிளமெண்டோடது. நான் முடுக்குனனா இல்லையான்னு எனக்கு நெனவு இல்ல."

ஐஸ் தட்டும் சத்தம் நின்றது. ரீத்தா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"நாலு வருசமா இதயா வச்சிக்கிட்டிருக்கிய?"

"ஆமா."

"அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். போவாதீயன்னு சொன்னேன், போனாரு. நான் சண்டை போடுறது ஒங்ககூட இல்லண்ணே. அவருகூட." முகவாயால் மேலே காட்டினாள். "இன்ஜின்மேல எனக்குச் சந்தேகம் இருந்தா என் தம்பி இன்ஜின ஒங்க பட்டறைக்கு அனுப்புவேனா? ஒரே தம்பி."

"தெரிஞ்சிதான் அனுப்புனியா?"

"தெரியாமத்தான் அனுப்புனேன். இப்பத் தெரிஞ்சு போச்சு. அடுத்த வாரமும் அவன் இன்ஜின் ஒங்ககிட்டத்தான் வரும்." வாலைத் தனியாக வெட்டிப் பொதிந்து அவர் பையில் போட்டாள். "கொழம்பு வைங்க. சீட்டுல கீழ எழுதுங்க. எழுதினாத்தான் சனிக்கிழமை வருவேன். வந்து அந்த நூலுக்கு ஒங்ககூடச் சண்டை போடணும்."

சீட்டில் இப்போது கீழே இப்படி இருக்கிறது: 'மேலே பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன். பதினாறு பக்கம் படிக்கவில்லை. இப்போது படித்தேன், இரண்டு வரி நீங்கலாக. கறுப்பு நூல் ஒப்பவில்லை. அலமாரியில் வைக்கலாம். கஸ்பார்.' ஜோஸ்லின் டீச்சர் படித்துவிட்டு, "அந்தத் தையக்காரிக்கு பெஞ்ச் கெடச்சிருச்சு போல" என்றாள். எந்த பெஞ்சு என்று கஸ்பார் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரீத்தா பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தது. கஸ்பாரும் வாயை மூடிக்கொண்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் மூடவில்லை. வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னார். ரீத்தா வாயைத் திறக்காமல் பாதி திரும்பிப் பார்த்தாள். பூசை முடிந்து, கடைசி ஆசீர்வாதமும் முடிந்து வெளியே வரும்போது கேட்டாள்:

"என்னண்ணே, எனக்கும் சேத்துச் சொல்லுதியளோ?"

"ஒனக்காவச் சொல்லல. எனக்குப் பழக்கம்."

"சரி, சொல்லுங்க. யாராவது சொல்லட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

7

நாலு பக்கம் என்றது ஆறாகிவிட்டது. ஜோஸ்லின் டீச்சருக்கு இது போதும்.

உங்களுக்குப் போதாது என்று தெரியும். ஜாயிண்டை அந்த ஆள் முடுக்கினாரா இல்லையா என்று கேட்பீர்கள். பிரித்துப் பார்க்க அதற்கு ஒட்டின பக்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஸ்பிரிட் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பேன். முடுக்கினார் என்று நினைக்கிறவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்கிறவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். வெள்ளை நூலா கறுப்பு நூலா என்பதையும் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கும் டீச்சர் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள், கீழே நிறைய இடம் இருக்கிறது. முழுவதும் படித்திருந்தால் எழுதலாம்.

ரீத்தாவின் தம்பி நாளைக் காலையில் கடலுக்குப் போகிறான். அவன் இன்ஜினை கஸ்பார் நேற்றும் பார்த்தார், இன்று மத்தியானமும் பார்த்தார். டீசல் குழாய், ஜாயிண்ட் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அன்றைய வானத்தைப் பற்றி ரீத்தா சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பேனாவை மூடி வேலை மேசையில் வைத்துவிட்டு, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் ஜெட்டியைப் பார்த்து நடக்கிறார்.